விக்கி படிவத்தில் தேர்வுப் பட்டியல் பாதியில் நிற்கிறது, சில பெயர்கள் இரண்டு முறை வருகின்றன

பாம்பன்வாசி

வணக்கம். ராமநாதபுரம் கரையோர மீன்பெயர்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய விக்கி நடத்துகிறோம். எஸ்.பி.பட்டினம் தொடங்கி ரோச்மா நகர் வரை எந்த ஊரில் எந்த மீனை என்ன பெயரால் அழைக்கிறார்கள், எந்த வலையில் படுகிறது, எந்த இறங்குதளத்துக்கு வருகிறது என்பவற்றைப் பதிகிறோம். மென்பொருள் மீடியாவிக்கி, அதன் மேல் கார்கோ (பக்கத் தரவை அட்டவணையாகச் சேமித்து வினவுவது), பேஜ் ஃபார்ம்ஸ் (பதிவுப் படிவம் தருவது) நீட்சிகள். பதிபவர்கள் பெரும்பாலும் மாணவர்கள், எல்லாம் கைபேசி வழியாகத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுத நேரம் கிடைத்ததால் பதிவுகள் வேகமாகக் கூடின. கூடியதும் சிக்கல்கள் தொடங்கின.

மீன்பெயரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் 'வ' வரிசை முழுவதும் காணோம். வஞ்சிரம், வாவல், விளமீன் ஒன்றும் இல்லை. பக்கங்கள் இருக்கின்றன, தேடினால் கிடைக்கின்றன, படிவத்தில் மட்டும் வருவதில்லை. அதை ஆராய்வதற்காக அட்டவணையை நேரே திறந்து பார்த்தபோது வௌவால் என்ற பெயர் இரண்டு தனி மதிப்புகளாக நிற்கிறது. கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை.

இன்னொன்று. ஒவ்வோர் இறங்குதளப் பக்கத்திலும் அங்கே வரும் மீன்களை வினவல் மூலம் காட்டுகிறோம். பாம்பன் பக்கத்தில் பாம்பனில் மட்டும் பதிவான மீன்கள்தான் வருகின்றன. பாம்பன், தொண்டி இரண்டிலும் பதிவானவை வருவதில்லை. சமக்குறிக்குப் பதிலாக 'லைக்' போட்டுப் பார்த்தோம். பாம்பன் சரியானது, ஆனால் ஏர்வாடி பக்கத்தில் சின்ன ஏர்வாடியின் மீன்களும் வந்து உட்கார்ந்துகொண்டன.

எல்லாவற்றுக்கும் ஒரே காரணமா, தனித்தனிக் காரணங்களா?

வடகடல்

தரவுத்தளத்துக்குள் பிஹெச்பி மைஅட்மின் வழியாகப் போய் ஓர் 'அப்டேட்' கட்டளையில் வௌவால் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

சீலா

வடகடல் சொல்வதை மட்டும் செய்யாதீர்கள். கார்கோவின் அட்டவணைகளில் இருப்பவை நகல்கள். மூலம் விக்கிப் பக்கத்தில் வார்ப்புருவுக்குள் (டெம்ப்ளேட்) எழுதப்பட்டிருக்கும் வரி. அந்தப் பக்கத்தை யாராவது மறுபடி சேமித்தாலோ, வார்ப்புருப் பக்கத்தில் 'தரவை மீண்டும் உருவாக்கு' என்பதை அழுத்தினாலோ, பக்கத்தில் உள்ளதே அட்டவணைக்கு மறுபடி வரும். நீங்கள் அட்டவணையில் திருத்தியது தடமில்லாமல் போய்விடும். திருத்தம் பக்கத்தில்தான் நடக்க வேண்டும்.

பாம்பன்வாசிக்கு: மூன்றும் தனித்தனிக் காரணங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எதைத் தொடுவதற்கு முன்பும் இரண்டு இடங்களைத் திறந்து பாருங்கள். ஒன்று, பக்கத்தின் கருவிப்பட்டியில் உள்ள 'பக்க மதிப்புகள்' இணைப்பு. அந்தப் பக்கத்திலிருந்து கார்கோ உண்மையில் எதைச் சேமித்தது என்று அது காட்டும். இரண்டு, 'கார்கோ வினவல்' சிறப்புப் பக்கம். அதே வினவலை அங்கே ஓட்டினால் பிழை தரவில் இருக்கிறதா, படிவத்தில் இருக்கிறதா என்று பிரிந்துவிடும். 'வ' வரிசை அங்கே வருகிறதா?

பாம்பன்வாசி

வருகிறது, ஆனால் வரம்பைக் கூட்டிக் கொடுத்த பிறகுதான். முதலில் நூறு வரிசைகளோடு நின்று, கீழே 'மேலும்' என்று ஓர் இணைப்பு வந்தது.

சீலா

அப்படியானால் தரவு நலமாக இருக்கிறது. கார்கோ வினவலுக்கு இயல்பு வரம்பு 100 வரிசைகள். எவ்வளவு கேட்டாலும் 5000-க்கு மேல் தராது. இரண்டையும் அமைப்புக் கோப்பில் மாற்றலாம்.

படிவத்தில் நடப்பது இதற்கு உறவுக்காரச் சிக்கல். பேஜ் ஃபார்ம்ஸ் ஒரு கார்கோ புலத்திலிருந்து மதிப்புகளை எடுக்கும்போது தானே ஒரு வரம்பை வைத்துக்கொள்கிறது. 'மேக்ஸ் லோக்கல் ஆட்டோகம்ப்ளீட் வேல்யூஸ்' என்று முடியும் ஓர் அமைப்பு உண்டு, அதன் இயல்பு மதிப்பு 100. அதைவிடச் சற்றுக் கூடுதலாக எடுத்துவிட்டு நின்றுவிடும். அந்தச் சற்றுக் கூடுதலுக்கும் காரணம் உண்டு: எண்ணிக்கை வரம்பைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தால், தட்டத் தட்டச் சேவையகத்திடம் கேட்டுவரும் முறைக்கு உள்ளீட்டுப் பெட்டி மாற வேண்டும் அல்லவா. 'காம்போபாக்ஸ்', 'டோக்கன்ஸ்' வகைகள் அப்படி மாறிக்கொள்ளும். வெறும் கீழிறங்கு பட்டியலுக்கு மாறுவதற்கு வேறு வழியில்லை, எடுத்த வரைக்கும் காட்டிவிட்டு நின்றுவிடும். பெயர்கள் அகரவரிசையில் வருவதாலும், தமிழ் மீன்பெயர்களில் கடைசியாக வருவது 'வ' என்பதாலும் உங்களுக்கு அந்த வரிசை அடிபட்டிருக்கிறது. பதிவுகள் இன்னும் கூடினால் அடுத்து 'மு' போகும், பிறகு 'மா' போகும்.

அமைப்பை 500 என்று உயர்த்தலாம். அவ்வளவு பெயரும் படிவப் பக்கத்தோடு சேர்ந்தே இறங்கும், கைபேசிக்குச் சுமை. டோக்கன்ஸ் வகைக்கு மாறுவதே என் யோசனை.

கீழக்கரை காக்கா

நான் மீடியாவிக்கிக்காரன் இல்லை, அலுவலகத்தில் எக்ஸ்விக்கி என்ற வேறு விக்கி மென்பொருள். இருந்தாலும் கையைத் தூக்குகிறேன். எங்களிடம் 'டேட்டாபேஸ் லிஸ்ட்' என்ற புலவகை உண்டு. அதில் நாமே ஹெச்க்யூஎல் மொழியில் வினவல் எழுதிக் கொடுக்கலாம். முதல் நிரலில் வருவது சேமிக்கப்படும், இரண்டாவது நிரலில் வருவது பயனருக்குக் காட்டப்படும். இந்த இரண்டையும் பிரித்து வைத்திருப்பது பெரிய நிம்மதி. பெயரை நாளைக்கு மாற்றினாலும் சேமித்த அடையாளம் மாறாது.

எங்களைச் சுற்றவிட்டது வேறு இடம். ஒற்றைத் தேர்வாக இருந்த புலத்தைப் பலதேர்வாக மாற்றினோம். அன்று முதல் அந்தப் புலத்தைத் தேடிய வினவல்கள் எல்லாம் வெறுங்கையோடு திரும்பின. பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை. ஒற்றைத் தேர்வின் மதிப்பு சாதாரணச் சரப் பண்பாக ஓர் அட்டவணையில் இருக்கும். பலதேர்வானதும், தொடர்புமுறைச் சேமிப்பைத் தேர்ந்திருந்தால் ஒவ்வொரு மதிப்பும் தனி வரிசையாக வேறோர் அட்டவணைக்குப் போகும். தேர்ந்திருக்காவிட்டால் நிமிர்ந்த கோடு இட்டுப் பிரித்த ஒரே நீளச் சரமாக இன்னோர் அட்டவணையில் கிடக்கும். வினவலோ பழைய அட்டவணையின் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும். பாம்பன் பக்கத்தில் பாதி மீன்கள் வராததும் இந்த வகைதானோ?

சீலா

காக்கா சொன்னது அதே குடும்பம்தான். கார்கோவிலும் பட்டியல் புலம் முதன்மை அட்டவணையில் புலமாக உட்காருவதில்லை. 'காற்புள்ளியால் பிரிந்த பக்கங்களின் பட்டியல்' என்று அறிவித்தீர்களானால் கார்கோ இரண்டு காரியம் செய்கிறது. முதன்மை அட்டவணையில், புலப்பெயரோடு இரண்டு அடிக்கோடும் 'ஃபுல்' என்ற சொல்லும் ஒட்டிய நிரலில், 'பாம்பன்,தொண்டி' என்று முழுச்சரத்தை வைக்கிறது. தனியே ஒரு துணை அட்டவணை திறந்து, அதில் ஒவ்வொரு மதிப்பையும் ஒரு வரிசையாக வைக்கிறது. எந்தப் பதிவுக்குரியது என்ற வரிசை எண், மதிப்பு, பட்டியலில் எத்தனையாவது என்ற இடம், இவ்வளவுதான் அதன் நிரல்கள்.

நீங்கள் 'ஃபுல்' நிரலோடு சமக்குறி போட்டிருப்பீர்கள். 'பாம்பன்,தொண்டி' என்பது 'பாம்பன்' என்பதற்குச் சமமில்லை, ஆகவே ஒரே ஊர் உள்ள பதிவுகள் மட்டும் தேறின. 'லைக்' சரத்துக்குள் சரத்தைத் தேடுவதால் ஏர்வாடிக்குள் சின்ன ஏர்வாடி வந்தது. கார்கோவில் இதற்கென்றே உள்ள சொல் 'ஹோல்ட்ஸ்':

அட்டவணை: மீன்பதிவு
புலங்கள்: மீன்பெயர், வலைவகை
நிபந்தனை: இறங்குதளம் ஹோல்ட்ஸ் 'ஏர்வாடி'
வரம்பு: 500

இது துணை அட்டவணைக்குப் போய் முழு மதிப்பை ஒப்பிடும். சின்ன ஏர்வாடி உள்ளே வராது.

அரைப்புள்ளி

ஓர் எச்சரிக்கை, யாரும் கேட்காவிட்டாலும். துணை அட்டவணைகளை நீங்களே இணைத்து எண்ணிக்கை எடுத்தால் எண்கள் ஊதிப்போகும். ஒரு பதிவில் மூன்று இறங்குதளம், நான்கு வலைவகை இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு துணை அட்டவணைகளையும் ஒரே வினவலில் இணைத்தால் அந்த ஒரு பதிவு பன்னிரண்டு வரிசைகளாகும். 'கரைவலையில் படும் மீன்கள் எத்தனை' என்ற கேள்விக்கு அபத்தமான விடை வரும், யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். எண்ணும்போது 'டிஸ்டிங்ட்' சேர்த்துப் பக்க எண்ணை எண்ணுங்கள், அல்லது இரண்டு கேள்விகளையும் இரண்டு வினவலாகக் கேளுங்கள்.

இன்னொன்று. அந்த இரட்டை வௌவாலை இங்கே அப்படியே ஒட்டுங்கள். கண்ணால் பார்த்துப் பயனில்லை, நீளம் பார்க்க வேண்டும்.

பாம்பன்வாசி

ஹோல்ட்ஸ் வேலை செய்கிறது. பாம்பன் பக்கம் நிறைந்துவிட்டது, ஏர்வாடியும் சுத்தம். டோக்கன்ஸ் வகைக்கும் மாற்றிவிட்டேன். இரண்டெழுத்து தட்டினால் 'வ' வரிசை வருகிறது.

இரண்டு பெயர்களும் இதோ: வௌவால், வெளவால்.

அரைப்புள்ளி

நினைத்தது சரி. முதலாவதில் 'வ'-வோடு ஔகாரக் குறி ஒரே குறியீடாகச் சேர்ந்திருக்கிறது. இரண்டாவதில் ஒற்றைக்கொம்பும் அதன் பின் 'ள' என்ற முழு எழுத்தும் தட்டப்பட்டிருக்கின்றன. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் எழுத்து எண்ணிக்கை கேட்டால் முதலாவதற்கு 6, இரண்டாவதற்கு 7. பைட் எண்ணிக்கை 18, 21. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் பிடிக்கும், அதனால் கணக்கு நேராக வருகிறது.

மீடியாவிக்கி உள்ளீட்டை ஒருங்குறியின் என்எஃப்சி வடிவத்துக்கு (சமமான குறித்தொடர்களை ஒன்றாக்கும் நியம வடிவம்) மாற்றிச் சேமிக்கிறது. ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக வந்தால் ஒகரக் குறியாக அதுவே ஒட்டிவிடும். ஆனால் இந்த 'ள' விவகாரத்தில் ஒருங்குறிக்கே இரண்டும் சமம் இல்லை, ஏனென்றால் 'ள' ஓர் உண்மையான மெய். ஆகவே எந்த நியமப்படுத்தலும் இதைச் சரிசெய்யாது.

வடகடல்

அப்படியென்றால் விக்கி முழுக்க 'ெள' என்பதைத் தேடி ஔகாரக் குறியாக மாற்றிவிட வேண்டியதுதானே? இந்த முறை பக்கங்களில்தான் செய்யச் சொல்கிறேன், சீலா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தொண்டிப்பெண்

செய்யுங்கள் தம்பி, செய்துவிட்டு கெளுத்தி மீன் என்ன ஆகிறது என்று பாருங்கள். வெள்ளை வாவலின் 'வெள்ளை' என்ன ஆகும்? வெளிக்கடல்?

அரைப்புள்ளி

சரியான கேள்வி. கெளுத்தி, வெள்ளை, வெளி எல்லாவற்றிலும் ஒற்றைக்கொம்புக்குப் பின் உண்மையான 'ள' இருக்கிறது. பிரித்தறிய ஒரு விதி உண்டு. அவற்றில் 'ள'-வுக்குப் பின் ஓர் உயிர்க்குறியோ புள்ளியோ வருகிறது: ளு, ள், ளி. வௌவாலில் 'ள'-வுக்குப் பின் நேராக 'வ' வருகிறது. ஆகவே, பின்னால் குறியோ புள்ளியோ இல்லாத 'ெள'-வை மட்டும் தேடுங்கள். கௌதாரி, சௌகரியம், மௌனம் எல்லாம் இந்த வலையில் சரியாக விழும். சொல்லின் தொடக்கத்தில் 'ஒள' என்று தட்டப்பட்ட ஔ-வுக்கும் இதே விதி. ஒளி, ஒள்ளிய தப்பிவிடும். என்றாலும் கண்ணால் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

சீலா

கருவி: 'ரிப்ளேஸ் டெக்ஸ்ட்' நீட்சி. எந்தெந்தப் பக்கம் மாறப் போகிறது என்று முன்கூட்டியே பட்டியலிட்டுக் காட்டும், வேண்டாதவற்றின் குறியை எடுத்துவிடலாம். அதில் சுருங்குறித்தொடர் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) தேடலும் உண்டு. ஆனால் உங்கள் தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல் 5.7 என்றால் அதன் சுருங்குறித்தொடர் பைட் பைட்டாகத்தான் ஒப்பிடும், தமிழுக்கு நம்ப முடியாது. 8 அல்லது மரியாடிபி என்றால் கவலையில்லை.

மாற்றியதும் பணிவரிசையை ஓட்டுங்கள். மீடியாவிக்கி இயல்பாக, யாராவது பக்கம் திறக்கும்போது ஒரு பணி வீதம்தான் செய்யும். வருகை குறைந்த விக்கியில் அது நாள்கணக்கில் இழுக்கும். 'ரன்ஜாப்ஸ்' கட்டளையைச் சேவையகத்தில் நேர அட்டவணையில் போட்டுவிடுங்கள். இறங்குதளப் பக்கங்கள் இடைமாற்றில் (கேஷ்) பழையபடியே நிற்கலாம், அவற்றைப் 'பர்ஜ்' செய்ய (பழைய நகலை அழித்துப் புதுப்பிக்க) வேண்டும். ஒரு பக்கத்தின் தரவு மாறினால் அதை வினவும் இன்னொரு பக்கம் எப்போதும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. 'வினவல் தவறு' என்று வரும் புகார்களில் நிறைய இந்த இடைமாற்றுதான்.

தொண்டிப்பெண்

எழுத்துப் பிழையை ஒன்றாக்குங்கள், சந்தோஷம். ஆனால் அந்த வேகத்தில் 'வாவல்' என்பதையும் 'வௌவால்' என்பதையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். எங்கள் பக்கம் பெரியவர்கள் ஒன்றைச் சொல்வார்கள், வேறு ஊரில் மற்றதைச் சொல்வார்கள். எந்த ஊரில் எது என்பதற்காகத்தானே இந்த விக்கியே. கணினிக்கு வசதியாக இருக்கிறது என்று பெயரைச் சுருக்கினால் மாணவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டதற்கு என்ன மதிப்பு?

இன்னொரு குறை எனக்கு நெடுநாளாக உண்டு. இறங்குதளப் பட்டியலில் 'தெற்குவாடி' தனியாக ஒன்று, 'பாம்பன்' தனியாக ஒன்று என்று வருகிறது. மாணவர் எழுதியது 'தெற்குவாடி, பாம்பன்' என்று ஒரே இடம். இதனால் பாம்பன் பக்கத்தில் இல்லாத மீன்களெல்லாம் ஏறியிருக்கின்றன.

சீலா

காற்புள்ளி. பட்டியல் புலத்துக்கு அதுதான் பிரிப்பான் என்பதால், முகவரி எழுதுவதுபோல் எழுதிய ஓர் இடம் இரண்டு மதிப்பாக உடைகிறது. பிரிப்பானை அரைப்புள்ளியாக மாற்றலாம். கார்கோ அறிவிப்பிலும் படிவத்தின் பிரிப்பான் அளபுருவிலும் (பாராமீட்டர்), இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மாற்றினால் 'பாம்பன்,தொண்டி' என்பது ஒரே ஊராகிவிடும். மாற்றியதும் தரவை மீண்டும் உருவாக்க வேண்டும். பழைய பக்கங்களில் காற்புள்ளியாக இருப்பவற்றையும் திருத்த வேண்டும், ஆனால் இறங்குதளம் என்று தொடங்கும் வரியில் மட்டும். விளக்க வரியில் உள்ள காற்புள்ளிகளைத் தொட்டால் உரைநடை நாசம்.

அரைப்புள்ளி

என் பெயரே அரைப்புள்ளியாக இருந்தும் சொல்கிறேன், இங்கே அது வேண்டாம். கைபேசி விசைப்பலகையில் அரைப்புள்ளியைத் தேடி எடுக்கும் பொறுமை எந்த மாணவருக்கும் கிடையாது. இடத்தின் பெயரையே 'தெற்குவாடி (பாம்பன்)', 'சின்னப்பாலம் (பாம்பன்)' என்று வையுங்கள். விக்கியில் ஒரே பெயருள்ள பக்கங்களைப் பிரிக்க அடைப்புக்குறி போடுவது பழைய வழக்கம்தான். காற்புள்ளி பிரிப்பானாகவே இருக்கட்டும்.

கீழக்கரை காக்கா

எனக்கு ஒன்று புரியவில்லை. தேர்வுப் பட்டியலை எங்கிருந்து நிரப்புகிறீர்கள்? மீன்பதிவு அட்டவணையின் இறங்குதளம் புலத்திலிருந்தே அதே புலத்துக்கு நிரப்புகிறீர்களா?

பாம்பன்வாசி

ஆம், காக்கா. இதுவரை எழுதப்பட்டவை எல்லாம் தேர்வாக வரும், புதியதும் எழுதலாம் என்று அமைத்தது.

கீழக்கரை காக்கா

அங்கேதான் ஓட்டை. ஒருவர் ஒரு முறை தவறாக எழுதினால் அடுத்தவருக்கு அது தேர்வாக நிற்கிறது. அவர் நம்பித் தேர்ந்தெடுக்கிறார், தவறுக்கு இரண்டு சாட்சி ஆகிவிடுகிறது. இரட்டை வௌவாலும் உடைந்த தெற்குவாடியும் பரவியது இப்படித்தான் இருக்கும். ஊர்ப்பட்டியலைத் தனியாக வைத்து அங்கிருந்து நிரப்ப வேண்டும்.

சீலா

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். இறங்குதளங்களுக்குத் தனி வார்ப்புரு, தனி அட்டவணை, இடத்துக்கு ஒரு பக்கம். படிவம் அந்த அட்டவணையிலிருந்தோ ஒரு பகுப்பிலிருந்தோ மதிப்புகளை எடுக்கட்டும். டோக்கன்ஸ் பெட்டியில் 'ஏற்கெனவே உள்ள மதிப்புகள் மட்டும்' என்ற அளபுருவையும் சேர்த்தால் புதிய எழுத்துப் பிழைகள் நுழைய முடியாது.

தொண்டிப்பெண்

இறங்குதளத்துக்குச் சரி. மீன்பெயருக்கு இதைச் செய்யாதீர்கள். பட்டியலில் இல்லாத பெயரைச் சொல்லும் பாட்டிக்காகத்தான் நாங்கள் போகிறோம். பெட்டி பூட்டியிருந்தால் மாணவர் என்ன செய்வார்? கிட்டத்தட்ட ஒத்த பெயர் ஒன்றைத் தட்டிவிட்டு வந்துவிடுவார். அந்தப் பிழையை எந்த வினவலாலும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்றும் கேளுங்கள். நாட்டுப்படகு ஓரிடத்தில் கரையேறும், மீன் வேறிடத்தில் ஏலம் போகும். படிவத்தில் ஒரே புலம்தான் இருக்கிறது. சிலர் கரையேறும் இடத்தை எழுதுகிறார்கள், சிலர் ஏலக்கூடத்தை எழுதுகிறார்கள். நீங்கள் எவ்வளவு ஒழுங்காக வினவினாலும் இரண்டு கேள்விகளுக்கான விடை ஒரே குவியலில் கிடக்கிறது.

வடகடல்

இது நியாயமான அடி. எங்கள் வீட்டு வத்தை நிற்கும் இடத்தில் ஏலமே கிடையாது.

சீலா

மீன்பெயர் விஷயத்தில் அக்கா சொல்வது சரி. அதைத் திறந்தே வையுங்கள். ஆனால் புதிதாக வரும் பெயரைக் கண்காணிக்க ஒரு வினவல் பக்கம் வையுங்கள்: மீன்பெயர் வாரியாகத் தொகுத்து, ஒரே ஒரு பதிவில் மட்டும் வரும் பெயர்களைக் காட்டட்டும். அவற்றில் பாதி எழுத்துப் பிழையாக இருக்கும், மீதி நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் புதையலாக இருக்கும். ஆள் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

பாம்பன்வாசி

இவ்வளவும் எடுத்துக்கொள்கிறேன். 'கரையேறும் இடம்', 'ஏலம் நடக்கும் இடம்' என்று புலத்தை இரண்டாக்குகிறோம். பழைய பதிவுகளில் எது எது என்று எழுதிய மாணவர்களிடமே கேட்க வேண்டியிருக்கும்.

பழைய உபாதை ஒன்று மிச்சம். முகப்பில் ஊர்வாரியாக ஒரே வரிசையில் எல்லா மீன்பெயர்களையும் கோத்துக் காட்டும் அட்டவணை உண்டு. பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் அது நடுச்சொல்லில் அறுந்து நிற்கிறது. சிறிய ஊர்களுக்கு ஒழுங்காக வருகிறது. 'குரூப் கன்கேட்' பயன்படுத்தியிருக்கிறோம்.

அரைப்புள்ளி

மைஎஸ்க்யூஎல்லில் அதன் இயல்பு நீளம் 1024 பைட். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு அது ஆயிரம் எழுத்து. நமக்கு 341 குறிகள். 'தங்கச்சிமடம்' என்ற ஒரு சொல்லே 36 பைட். ஏழு குறியுள்ள மீன்பெயர், நடுவில் காற்புள்ளியும் இடைவெளியும் என்று வைத்தால் நாற்பத்து நான்கு பெயரோடு கதை முடிந்தது. 'குரூப் கன்கேட் மேக்ஸ் லென்' என்ற மாறியைச் சேவையகத்தில் உயர்த்துங்கள். மரியாடிபியில் 10.2.4 முதல் இயல்பே 1 எம்பி, அங்கே இந்தத் தொல்லை இல்லை. பகிர்வுச் சேவையகம் என்பதால் மாறியைத் தொட அனுமதி இல்லையென்றால் கோக்கவே வேண்டாம். வரிசை வரிசையாக எடுத்துக் காட்டும் வேலையைக் கார்கோவின் காட்சி வடிவத்திடம் விடுங்கள்.

தொண்டிப்பெண்

கடைசியாக ஒன்று. ஊர்கள் அகரவரிசையில் வருவது எங்களுக்குப் பயன்படுவதே இல்லை. கரையில் இருப்பவர் எஸ்.பி.பட்டினம், தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி, தேவிப்பட்டினம் என்று கரையோடு போவார். அந்த வரிசையில் வந்தால் ஒரு மீனின் பெயர் எந்த ஊரோடு மாறுகிறது என்பது பார்த்தவுடனே தெரியும். செய்ய முடியுமா?

சீலா

முடியும். தனியாக வைக்கப்போகும் இறங்குதள அட்டவணையில் 'கரைவரிசை' என்று ஓர் எண் புலம் சேருங்கள். 10, 20, 30 என்று இடைவெளி விட்டு எண் கொடுங்கள், இடையில் புதிய ஊர் வந்தால் மற்றவற்றைத் தொட வேண்டியிராது. காட்சிப் பக்கங்களில் மீன்பதிவின் கரையேறும் இடத்தை இந்த அட்டவணையின் பெயரோடு இணைத்து, கரைவரிசைப்படி அடுக்குங்கள். இணைப்பிலும் 'ஹோல்ட்ஸ்' போடலாம்.

படிவத்தின் தேர்வுப் பட்டியலுக்கு இது நேரடியாக வராது. புலத்திலிருந்து எடுக்கும்போது அகரவரிசையில்தான் எடுக்கும். அங்கேயும் வேண்டுமென்றால் 'மதிப்புகள்' என்ற அளபுருவுக்குள் ஒரு கார்கோ வினவலையே எழுதி, பட்டியல் வடிவில் காற்புள்ளியிட்டு வெளியிடச் சொல்லலாம். வரம்பைக் கையோடு எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயும் அந்த 100 வந்து நிற்கும்.

வடகடல்

ஒரே எண்வரிசை போதாது. மண்டபத்தில் வடக்கே ஓர் இறங்குதளம், தெற்கே ஓர் இறங்குதளம். பாம்பனிலும் அப்படியே. வடகடலில் இறங்குவதும் தென்கடலில் இறங்குவதும் வேறு மீன், வேறு காற்று, வேறு காலம். தீவைச் சுற்றி வரிசை எண் கொடுத்தால் பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே கலங்கிவிடும்.

சீலா

அப்படியானால் 'கடல்' என்று இன்னொரு புலம். வடகடல், தென்கடல் என்ற இரண்டு மதிப்பு மட்டும். முதலில் கடல்வாரியாக, அதற்குள் கரைவரிசையாக அடுக்குங்கள். இது பட்டியல் புலமாக இருக்கக் கூடாது, ஒற்றை மதிப்பாக இருக்கட்டும். 'மண்டபம் வடக்கு', 'மண்டபம் தெற்கு' என்று இரண்டு பக்கம்.

பாம்பன்வாசி

நல்லது. வடகடல் பக்கத்து எண்களைத் தொண்டிப்பெண் அக்கா போட்டுத் தந்தால், தென்கடல் பக்கம் வேதாளையிலிருந்து பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வழியாக நான் போட்டுவிடுகிறேன். கீழக்கரைக்குள் எத்தனை இடம் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்று காக்கா சொல்லுங்கள்.

கீழக்கரை காக்கா

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடற்கரைப் பக்கம் போகும்போது கேட்டு எழுதுகிறேன். அடைப்புக்குறி போட்டே தருகிறேன், காற்புள்ளி இருக்காது.